விலைவாசி இறங்கிவிட்டது என்கிறார்கள். சேலத்து மளிகைச் சிட்டை ஏன் இறங்கவில்லை?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சாரம் இது. கணவருக்குத் தறிக்கூடத்தில் வாரக் கூலி. வீட்டில் மாமியாரையும் சேர்த்து ஐந்து பேர். 2025 அக்டோபரில் நாட்டில் விலைவாசி உயர்வு இதுவரை காணாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், ஆனால் மாதச் சாமானுக்குக் கொடுக்கும் தொகை குறைந்ததாகவே தெரியவில்லை. செய்தி பொய்யா, கடைக்காரர் ஏமாற்றுகிறாரா, நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்கிறார். செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் நெடுங்காலமாகக் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செய்தி பொய்யில்லை. வீடுகள் வாங்கும் பொருள்களின் விலையைச் சேர்த்து அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆண்டு உயர்வு 2025 அக்டோபரில் 0.25 சதவீதம்தான், 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தத் தொடரில் அதற்குக் கீழே அது போனதில்லை. உணவுப் பொருள்களை மட்டும் தனியே எடுத்தால் உயர்வே இல்லை, 5.02 சதவீதம் சரிவு. ஆனால் இந்த எண் எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபரில் இதே உணவுப் பொருள்கள் 10.87 சதவீதம் ஏறியிருந்தன. ரூபாயில் சொன்னால், 2023 அக்டோபரில் 1,000 ரூபாய்க்கு வாங்கிய பொருள்கள் 2024 அக்டோபரில் ஏறத்தாழ 1,109 ரூபாய்க்குப் போய், 2025 அக்டோபரில் 1,053 ரூபாய்க்கு இறங்கின. அந்த ஓராண்டுச் சரிவு உண்மை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொடுத்ததைவிட 53 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்பதும் உண்மை. வழக்கமாக உயர்வு விகிதம் குறைந்தது என்று சொல்லும்போது அந்தச் சரிவுகூடக் கிடையாது, ஏறும் வேகம்தான் குறைந்திருக்கும். ஏற்காட்டு மலைப்பாதையில் வேகத்தைக் குறைத்துக்கொண்ட பேருந்து அப்போதும் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது, அந்தக் குறியீடு எந்த வீட்டுச் சிட்டை என்பது. நாடு முழுவதும் எல்லா வருமானக்காரர்களும் செய்யும் செலவின் சராசரி அது. அந்தத் தொடரில் நகர்ப்புறக் குடும்பத்தின் செலவில் உணவுக்கும் பானங்களுக்கும் கொடுத்த பங்கு 36.29 சதவீதம், கிராமப்புறத்துக்கு 54.18 சதவீதம். 2023-24 வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பிலோ நகரத்தில் 39.68 சதவீதமும் கிராமத்தில் 47.04 சதவீதமும் உணவுக்குப் போவதாகக் கண்டார்கள். இவையும் சராசரிகள்தாம். அம்மாப்பேட்டையிலோ குகைப் பகுதியிலோ வாரக் கூலி வாங்கும் ஐந்து பேர் குடும்பத்தில் பாதிக்கு மேல் வாய்க்கும் வயிற்றுக்குமே போகிறது என்பதைக் கடைகளில் கடன் கணக்கு எழுதும் பற்று நோட்டுகளைப் புரட்டும் எவரும் அறிவார்கள். அதனால் உணவு விலை ஏறும்போது அடி அவர்களுக்குப் பலமாக விழுகிறது. இறங்கும்போது நன்மையும் அவர்களுக்கே கூடுதலாக வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம், எவை இறங்கின, எவை இறங்கவில்லை என்பதில் இருக்கிறது.

இறங்கியவை பெரும்பாலும் காய்கறியும் பருப்பும். 2023 ஜூலையில் தக்காளி தாங்க முடியாத விலைக்குப் போய், அரசே நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். தக்காளி நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் காய்ப்புக்கு வந்துவிடும் பயிர். விலை ஏறியதைப் பார்த்து இராயக்கோட்டைப் பக்கத்திலும் நம் தலைவாசல் பக்கத்திலும் எல்லோரும் நடுவார்கள், அறுப்பு ஒரே நேரத்தில் வந்து விலை பாதாளத்துக்குப் போகும், பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் தோட்டத்திலேயே விடுவார்கள், அடுத்த பட்டத்தில் நடுபவர் குறைந்து மறுபடி ஏறும். துவரம்பருப்பும் 2024-இல் உச்சத்தில் இருந்து, மொசாம்பிக், மியான்மர் போன்ற நாடுகளிலிருந்து வரியில்லாமல் வந்த சரக்காலும் நல்ல விளைச்சலாலும் 2025-இல் நன்றாகவே இறங்கியது. சமையல் எரிவாயுவையும் இந்தப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்: சென்னையில் 2023 மார்ச்சில் 1,118.50 ரூபாயாக இருந்த உருளை, இரண்டு குறைப்புக்கும் ஓர் ஏற்றத்துக்கும் பிறகு 2025 ஏப்ரலில் 868.50 ரூபாய், சேலத்தில் சற்றுக் கூடுதல். கோபத்தில் இதையெல்லாம் மறந்துவிடுகிறோம்.

இறங்காத பக்கம் நம் சமையலறைக்கு மிக நெருக்கமானது. முதலில் எண்ணெய். இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. பாமாயில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து, சூரியகாந்தி பெரும்பாலும் கருங்கடல் பக்கத்திலிருந்து. 2022-இல் உக்ரைன் போரும், இந்தோனேசியா சில வாரங்களுக்கு விதித்த ஏற்றுமதித் தடையும் சேலம் லீ பஜார் எண்ணெய்க் கடைகளில் எப்படி உறைத்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அது தணிந்த பிறகு 2024 செப்டம்பரில், உள்நாட்டு எண்ணெய் வித்து விவசாயிகளைக் காப்பதற்காக, சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் மீதான மொத்தச் சுங்க வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதத்துக்கு உயர்த்தினார்கள். 2025 மே இறுதியில் அதை 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஏறியபோது பாக்கெட் விலை உடனே ஏறியது. குறைத்தபோது பழைய சரக்கு தீரட்டும் என்றார்கள். தேங்காய் எண்ணெய்க்கு வரி காரணமில்லை. காய் வரத்துக் குறைந்து, கொப்பரை விலை ஏறி, 2025-இல் அது முன்பு யாரும் பார்த்திராத உயரத்துக்குப் போனது. வட இந்தியக் குடும்பத்துக்கு அது தலைக்குத் தேய்க்கும் பொருள் மட்டுமே. நமக்கோ தேங்காய் இல்லாமல் சட்னியும் இல்லை, குழம்பும் இல்லை.

பால் வேறு விதமான பொருள். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் சில்லறையில் அரை லிட்டர் 24 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. நாளுக்கு ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு அது மாதம் 360 ரூபாய். ஒரே நாளில் ஏறி, அங்கேயே நிலைத்துவிட்ட இப்படிப்பட்ட ஏற்றம் அடுத்த ஆண்டுக் குறியீட்டில் உயர்வாகவே தெரியாது, ஏனென்றால் ஒப்பிடும் ஆண்டின் விலையும் அதேதான்; உங்கள் செலவில் மட்டும் மாதாமாதம் தெரியும். முட்டை நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு, நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனால் கோழித் தீவனத்தில் பெரும் பகுதியான மக்காச்சோளத்தை இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தயாரிக்கும் ஆலைகளும் போட்டி போட்டு வாங்குவதால், தீவனச் செலவு கூடி, பண்ணைக்காரர் பழைய விலைக்கு இறங்க முடியாது.

ஆக, உங்கள் வீட்டில் எண்ணெய், தேங்காய், பால், முட்டை, காபித்தூள், இட்லி அரிசி ஆகியவை செலவின் பெரும் பகுதியாக இருந்தால், தக்காளியும் பருப்பும் மலிந்ததில் மிச்சமானது அங்கேயே கரைந்துபோயிருக்கும். குறியீட்டில் வரும் எண் ஒன்று, உங்கள் வீட்டில் வரும் எண் வேறு. இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

கடைக்காரர் ஏமாற்றுகிறாரா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் கணக்கு எழுதிய கடைகளை வைத்துச் சொன்னால், அரிசியிலும் பருப்பிலும் எண்ணெயிலும் தெருக்கடைக்காரருக்கு நிற்பது மிகச் சொற்பம். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வாடகை, மின்சாரம், வராத பற்று ஆகியவை போக மிஞ்சுவதைப் பார்த்தால் பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் சந்தேகம் நியாயமானது: மண்டியில் ஏறிய விலை மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்துவிடும், இறங்கிய விலை நடந்துதான் வரும். அதைத் தவிர, உண்மையான மாற்றம் கடைக்காரரின் தராசில் நடக்கவில்லை, பாக்கெட்டுக்குள் நடக்கிறது.

இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்பு எண்ணெய், பிஸ்கட், தேயிலை, சோப்பு போன்ற பல பொருள்களைச் சட்டத்தில் குறித்த எடைகளில் மட்டுமே பாக்கெட் போட முடியும். 2022-இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. இப்போது அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்ணெய் பாக்கெட்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம். ஒன்றில் 1 லிட்டர், 910 கிராம் என்று இருக்கும். மற்றொன்றில் லிட்டரே இருக்காது, 850 கிராம் என்று மட்டும் இருக்கும். முதலாவது 150 ரூபாய், இரண்டாவது 145 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ரூபாய் மிச்சம் என்று இரண்டாவதை எடுப்போம். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது ஏறத்தாழ 165 ரூபாய், இரண்டாவது ஏறத்தாழ 171 ரூபாய்.

எடைக் கட்டுப்பாட்டை நீக்கியபோது அதற்கு ஈடாக ஒரு நல்ல விதியையும் கொண்டுவந்தார்கள்: அதிகபட்சச் சில்லறை விலையோடு, ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அச்சிடுகிறார்கள், எறும்பு எழுத்தில். விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கிராம், கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கப் பழகிவிட்டால், நிறத்துக்கும் உயரத்துக்கும் இலவசக் கிண்ணத்துக்கும் ஏமாற வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் முதலியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், நெய், வெண்ணெய் முதலியவற்றுக்கு 12-இலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தபோதும் இதே எண்தான் உண்மையைச் சொன்னது. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் வரிக் குறைப்பின் பங்கு ஒரு ரூபாய் பத்துக் காசு அளவில் வரும். 8 ரூபாய் 90 காசுக்கு யாரும் பாக்கெட் விற்க மாட்டார்கள் என்பதால் பல நிறுவனங்கள் விலையை அப்படியே வைத்து எடையைக் கூட்டின. கூட்டினார்களா என்று தெரிந்துகொள்ள இதுவே எளிய வழி.

அரிசிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் செய்து பெயரிட்ட அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. அதற்குப் பிறகுதான் செவ்வாய்ப்பேட்டையில் 26 கிலோ சிப்பம், அதாவது மூட்டை, என்ற ஒன்று முளைத்தது. அந்த ஒரு கிலோ கூடியதால் வரி வரம்புக்கு வெளியே போய்விடுகிறது. சட்டப்படி சரிதான். ஆனால் 26 கிலோவை ஒரே மூச்சில் வாங்கப் பணம் உள்ளவர் வரி இல்லாத அரிசியும், ஐந்து கிலோ பை வாங்குபவர் வரி சேர்ந்த அரிசியும் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் இதில் எனக்கு உறுத்துவது.

வாரக் கூலிக் குடும்பங்களின் பெரிய இழப்பு இங்கேதான் இருக்கிறது, விலை உயர்வில் மட்டும் இல்லை. கிலோ 140 ரூபாய் பருப்பு, நூறு கிராமாக வாங்கும்போது 16 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 160 ஆகிவிடுகிறது. மாதம் மூன்று கிலோ என்றால் பருப்பில் மட்டும் 60 ரூபாய். எண்ணெய், காபித்தூள், ஷாம்பு, சலவைத்தூள் என்று எல்லாவற்றிலும் இது சேரும். சிக்கனம் தெரியாமல் இப்படி வாங்கவில்லை. சனிக்கிழமை கூலி கைக்கு வரும் வீட்டில் மாதத்துக்கு உரிய பணம் ஒரே நாளில் இருப்பதில்லை. ஆகவே எல்லாவற்றையும் மொத்தமாக வாங்குங்கள் என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. நடக்கக்கூடியது, வாரத்துக்கு ஒரு பொருளை மட்டும் மாதத்துக்கு உரிய அளவில் வாங்குவது: முதல் வாரம் எண்ணெய், அடுத்த வாரம் பருப்பு, அதற்கடுத்து சோப்பு வகை. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு 26 கிலோ சிப்பத்தைப் பங்கு போட்டுக்கொள்வதும் எளிது.

பற்று நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடனுக்கு வாங்கினால் கடைக்காரர் பொருளுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட்டிப் போடுகிறார் என்று குறைப்படுகிறார்கள். போடுகிறார்தான். ஆனால் அதை விட்டுவிட்டு வார வட்டிக்கோ தண்டலுக்கோ பணம் வாங்கி ரொக்கத்துக்கு வாங்கினால் கூடுதலாகவே இழப்பீர்கள். நோட்டில் 'சாமான் 480' என்று மொத்தமாக எழுத விடாமல், பொருள், எடை, விலை மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

ஏற்காட்டில் நிலைமை இன்னும் கொஞ்சம் கடினம், அதைக் கேள்வியில் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் வண்டி பாரத்தைக் குறைத்துத்தான் ஏற்ற முடியும். ஏற்காடு கடைவீதியில் இறக்கிய சரக்கு நாகலூருக்கும் செம்மநத்தத்துக்கும் போக மறுபடி ஒரு வண்டி, மறுபடி ஒரு கூலி. பாக்கெட் பொருளில் விலை அச்சிட்டிருப்பதால் அதற்கு மேல் வாங்க முடியாது. எனவே அந்தக் கூலியெல்லாம் விலை அச்சிடாத பொருள்கள் மீது, அதாவது அரிசி, காய்கறி, வெங்காயம், முட்டை மீது ஏறுகிறது. உடம்புக்கு வேண்டியது விலை கூடியும், பிஸ்கட்டும் நூடுல்ஸும் கீழே விற்கும் அதே விலைக்கும் கிடைக்கும்போது குழந்தைகள் தட்டில் எது விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. காபியைப் பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து அங்கே காபி விளைகிறது, ஆனால் விலை நிர்ணயமாவது நியூயார்க் சந்தையில். பிரேசிலில் மழை பொய்த்து 2025 பிப்ரவரியில் அராபிகா ஒரு பவுண்டு நான்கு டாலரைத் தாண்டியபோது, தோட்டக்காரருக்கு நல்ல காலம். அவர் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண் வாங்கும் காபித்தூளும் அதே வேகத்தில் ஏறியது, பறிப்புக் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை.

செய்யக்கூடியவற்றில், நியாய விலைக் கடையை நான் முதலில் வைப்பேன். அரிசி விலையில்லாமல், சர்க்கரை கிலோ 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பும் எண்ணெயும் சேர்ந்து அட்டைக்கு மாதம் இருநூறு ரூபாய்க்குக் குறையாத மிச்சம். அவை வரும் நாளில் கூலி வேலை குறுக்கிட்டு விட்டுப்போவதுதான் வழக்கமாக நடக்கிறது. இந்த மாதம் வரவில்லை என்று சொன்னால், எந்தத் தேதிக்கு வரும் என்று கேட்டு, வந்ததும் வாங்கிவிடுங்கள். ரேஷன் புழுங்கல் அரிசியை இட்லிக்கும் தோசைக்கும் ஊறப்போட்டு, சாப்பாட்டு அரிசியை மட்டும் கடையில் வாங்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. அது நல்ல ஏற்பாடு.

காய்கறிக்கு அம்மாப்பேட்டை உழவர் சந்தையே உங்களுக்குப் பக்கம். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டியிலும் இருக்கிறது. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள், மண்டி விலைக்குச் சற்று மேலே, கடை விலைக்குக் கீழே. காலையில் சீக்கிரம் போக வேண்டும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போகிற செலவும் இல்லை. புளியை மாசி, பங்குனியில், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதுப்புளி இறங்கும்போது ஆண்டுக்கும் சேர்த்து வாங்கி, கொட்டை நீக்கி, உப்புத் தூவிப் பானையில் அடைத்துவிடுவது நம் பாட்டிமார் செய்தது. இப்போதும் அதைவிடப் பெரிய லாபம் தரும் கொள்முதல் மளிகையில் கிடையாது. மிளகாய் வற்றலும் அப்படியே, நன்றாகக் காயவைத்திருந்தால்.

தீபாவளி மளிகைச் சீட்டு கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கடை நடத்துபவரே, தெரிந்தவரே, பல ஆண்டு நடத்தியவரே என்றால் யோசிக்கலாம். ஆள் சேர்த்தால் பரிசு, தங்கக் காசு என்று பேசுபவரிடம் வேண்டாம்.

அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ எடை குறைந்தாலோ 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குத் தமிழிலேயே புகார் சொல்லலாம். பில் வேண்டும், பாக்கெட் உறையைத் தூக்கிப் போடக் கூடாது.

இனி விலை இறங்குமா? காய்கறி ஏறும், இறங்கும், மழையைப் பொறுத்து. பருப்பு வெளிநாட்டு வரத்து உள்ளவரை பெரிதாக ஏறாது என்று நினைக்கிறேன். எண்ணெய் தில்லியில் போடும் வரியைப் பொறுத்தது. அடுத்த முறை சுங்க வரி குறைந்ததாகச் செய்தி வந்தால், அன்றே மாத எண்ணெயை வாங்காமல் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள், புதுச் சரக்கு அதற்குள் கடைக்கு வந்துவிடும். பால், முட்டை, ஓட்டல் இட்லி, வீட்டு வாடகை, பள்ளிக்கூட வேன் கட்டணம் ஆகியவை பழைய விலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவற்றுக்கு ஈடு, தறிக்கூடத்தில் நடக்கும் கூலிப் பேச்சில்தான் கிடைக்க வேண்டும். அங்கே போகும்போது செய்தித்தாளின் 0.25 சதவீதத்தை முதலாளி எடுத்துக் காட்டினால், உங்கள் கையில் இரண்டு ஆண்டுப் பற்று நோட்டு இருக்கட்டும்.